எங்கள் எம்.பி. தோற்ற மறுநாள்

1. காலையில் வந்த தொலைபேசி

தேர்தல் முடிந்த மறுநாள் காலை நான் கந்தோர்க் கதவைத் திறக்கும்போதே உள்ளே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, நீங்கள் தோத்திட்டியளாமே? அப்ப இவரின்ரை கேஸ் இனி என்ன மாதிரி?"

பேசியவர் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ட் ஒன்றில் இரண்டு பிள்ளைகளோடு இருந்த தவமணி அக்கா. அவருடைய கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தார். அதற்கென்று எடுத்த மெடிக்கல், மருத்துவப் பரிசோதனை, காலாவதியாகக் கொஞ்சக் காலந்தான் இருந்தது. அது முடிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அக்கா, நான் பாத்திட்டுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். எதைப் பார்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

அது தொண்ணூறுகளின் முற்பகுதி. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், பல் வைத்தியருக்கும் துணி துவைக்கும் லோண்ட்றிக்கும் நடுவில் எங்கள் எம்.பி.யின் தொகுதி அலுவலகமான இந்தக் கந்தோர் இருந்தது. எனக்குக் கேஸ் வேர்க்கர் வேலை. குடிவரவுச் சிக்கலோடு வருகிறவர்களுக்காக எம்.பி.யின் பெயரில் இமிகிரேஷனோடு பேசுவது. எம்.பி. தோற்றால் எங்கள் வேலையும் போய்விடும் என்று சேர்ந்த அன்றே சொன்னார்கள். அவர் தோற்பார் என்று யார் நினைத்தது?

பத்து மணிபோல கெவின் வந்தான். பிரசாரத்தை நடத்தியவன். முகம் வீங்கியிருந்தது. கையில் வாடகைக்கு எடுத்த, காகிதம் கிழிக்கும் ஷ்ரெடர்.

"சாந்தி, எல்லாப் பைலையும் உதுக்குள்ள போடு. ஒண்டும் மிஞ்சக் கூடாது."

"நடந்துகொண்டிருக்கிற கேஸ்களும் இருக்கே, கெவின்."

"அவங்கள் வெண்டவங்கள், அவங்கள் பாக்கட்டும். எங்கட வேலையைத் தூக்கி அவங்கட கையில குடுத்தா, அடுத்த தேர்தலில தாங்கள் செய்ததெண்டு சொல்லி அதிலையே வோட்டுக் கேப்பாங்கள்."

அவன் சொன்னது ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் பேசியவர்கள் எல்லாரையும் நான் என் தமிழில் எழுதுகிறேன். அவன் கெட்டவன் இல்லை. பல மாதம் நித்திரை இல்லாமல் உழைத்தவன். பைல்களைச் சும்மா மற்றக் கட்சிக்குக் கொடுக்க முடியாது என்பதும் உண்மைதான். அதற்குள் இருப்பது மக்களின் சொந்த விஷயங்கள்.

2. வோல்ட்டர்

பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் வோல்ட்டர் வந்தார். வியட்நாம் போருக்குப் போக மறுத்து எல்லை கடந்து வந்த அமெரிக்கர். இங்கே ஹைஸ்கூலில் சரித்திரம் படிப்பிக்கிறார். கிழமையில் இரண்டு நாள் எங்களுக்குச் சம்பளமில்லாமல் தொலைபேசி எடுப்பார். எதைப் பேசினாலும் கடைசியில் ஆயிரத்து எண்ணூறுகளின் தொடக்கத்து அமெரிக்காவில்தான் வந்து நிற்பார். நாங்கள் சிரிப்போம்.

அன்று சிரிக்க ஆளில்லை. ஷ்ரெடரைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். நான் சொன்னேன். வழக்கம்போல அமெரிக்காவில் தொடங்கினார்.

"எங்கட நாட்டைத் தொடங்கினவைக்குக் கட்சியெண்டாலே பிடிக்காது. நாட்டை உடைச்சுப்போடும் எண்டு பயந்தவை. ஆனாக் கொஞ்ச வருசத்திலை அவையே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு, ஒருத்தரை ஒருத்தர் துரோகியெண்டு பேப்பரிலை எழுதிச்சினம். பிறகு ஒரு தேர்தலிலை ஜனாதிபதியா இருந்தவர் தோத்துப்போனார். புது ஜனாதிபதி பதவியேற்கிறதைப் பாக்க அவருக்கு மனமில்லை. விடியமுன்னம் வண்டியேறி ஊருக்குப் போயிட்டார்."

"பெருந்தன்மை இல்லாத மனுசன்" என்றேன்.

"ஓம். ஆனாப் பதவியை விட்டுப் போனார். அதுதான் பெரிய விசயம்."

ஷ்ரெடரின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடர்ந்தார். கால் நூற்றாண்டுக்கும் கொஞ்சம் கூடப் போன பிறகு ஒரு ஜெனரல் ஜனாதிபதியானாராம். அதற்குள் காணி பூமி இல்லாத வெள்ளைக்கார ஆண்களுக்கும் பெரும்பாலான இடங்களில் வோட்டு வந்துவிட்டது. பெண்களுக்கில்லை, அடிமைகளுக்கில்லை, பூர்வகுடிகளுக்கில்லை. கட்சிகள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு ஆள் சேர்த்தன. வென்ற கட்சி தன் ஆட்களுக்கு அரசாங்க வேலையைக் கொடுப்பது வழக்கமானது. தபால் கந்தோர் அதிபர்கள்கூட மாறினார்கள்.

"சனத்துக்குக் கதவு திறந்ததும் அந்தக் காலந்தான். கந்தோரெல்லாம் கட்சியின்ரை சொத்தெண்டு ஆனதும் அந்தக் காலந்தான். ரெண்டும் ஒண்டா வந்தது" என்றார்.

எனக்கு அந்த நேரம் சரித்திரம் பெரிதாக ஏறவில்லை. ஷ்ரெடர் ஓடாமல் நின்றதே போதுமாக இருந்தது. எம்.பி.யின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். பைல்களை என்ன செய்வது என்று கேட்டேன்.

"அது அந்தச் சனத்தின்ரை பைல், சாந்தி. அவையளைக் கேள். புது எம்.பி.யிட்டைக் குடுக்கச் சொன்னாக் குடு, கிழிக்கச் சொன்னாக் கிழி. கெவினோட நான் கதைக்கிறன்."

3. தவமணி அக்காவின் பயம்

அடுத்த சில நாட்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டேன். பலர் உடனே கையெழுத்துப் போட்டார்கள். தவமணி அக்கா மாட்டேன் என்றார்.

"பிள்ளை, உங்கட எம்.பி.க்காக நான் எங்கட பில்டிங்கிலை கதவு கதவாத் தட்டினனான். அவங்களுக்குத் தெரியும். இப்ப நானே போய் அவங்கட கையிலை இவரின்ரை பைலைக் குடுக்கிறதோ?"

"இது கனடா, அக்கா."

"எங்கட அப்பா தபால் கந்தோரிலை வேலை. ஆட்சி மாறினவுடனை, மற்றக் கட்சிக்கு வோட்டுப் போட்டவனெண்டு அவரைத் தூக்கித் தெற்கு மூலையிலை அம்பாந்தோட்டைக்கு மாத்திப்போட்டவங்கள். நாங்கள் சின்னனுகள். அம்மா தனியக் கிடந்து பட்டது எனக்கெல்லோ தெரியும்."

வோல்ட்டர் சொன்ன தபால் கந்தோர் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குச் சரித்திரம், இவருக்கு வீட்டில் நடந்தது. அதற்கு மேல் நான் கனடா என்று சொல்லவில்லை.

"நான் உங்களோட வாறன். உங்கட முன்னாலை குடுப்பம். ஏதும் வில்லங்கமெண்டாப் பைலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவம்."

4. வென்றவர்களின் கந்தோர்

அவர்கள் இன்னும் பிரசாரக் கந்தோரில்தான் இருந்தார்கள். பலூன்கள் சுருங்கித் தொங்கின. உள்ளே நுழைய எனக்கு வெட்கமாக இருந்தது. வரவேற்றது சுதன். தமிழ் வீடுகளில் எங்களுக்கு எதிராக வோட்டுக் கேட்டுத் திரிந்தவன். என் வேலை இனி அவனுக்குத்தான் என்று ஊரெல்லாம் கதை.

"அக்கா, நீங்கள் எங்களுக்குப் பைல் கொண்டு வந்ததெண்டா ஆர் நம்புவினம்?" என்றான். பிறகு தவமணி அக்காவைப் பார்த்தான். "இவ உங்கட ஆளெல்லோ? வோட்டுக் கேக்க வந்த எங்கட பெடியளைப் படியாலை இறக்கி விட்டவ."

அக்கா என் கையைப் பிடித்தார்.

"ஓம், நான்தான்" என்றார். "இவரின்ரை மெடிக்கல் முடியப்போகுது, தம்பி. உங்களுக்கு ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்கோ."

சுதன் உள்ளே போனான். அறைக்குள் யாரோடோ பேசும் சத்தம் கேட்டது. அக்கா எழும்பப் பார்த்தார். நான் இருத்தினேன். அவன் இரண்டு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இருங்கோ. உந்தக் கேஸிலை ஆரோட கதைச்சனியள், எங்கை நிக்குது, எல்லாத்தையும் சொல்லுங்கோ. எனக்கு இமிகிரேஷன் ஒண்டும் தெரியாது, அக்கா. உண்மையாத்தான்."

அன்று பின்னேரம் முழுக்க நான் சொல்ல அவன் எழுதினான். என் வேலையை என் கையாலேயே இன்னொருவனுக்குப் பழக்கிக் கொடுத்தேன். மனம் எரியவில்லை என்று சொன்னால் பொய்.

5. பிறகு

மெடிக்கல் முடிவதற்குள் விசா வந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாதத்தில் அக்காவின் கணவர் வந்து இறங்கினார். விமான நிலையத்துக்குச் சுதனும் போனான். நான் வேலை தேடித் திரிந்து, பிறகு மில்லிக்கன் பகுதியில் ஒரு வழக்கறிஞரிடம் சேர்ந்தேன். சுதன் ஏதும் சிக்கல் என்றால் எனக்குத்தான் தொலைபேசி எடுப்பான். கெவின் வெகுகாலம் என்னோடு பேசவில்லை.

அடுத்த தேர்தலுக்குள் தவமணி அக்காவுக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. வோட்டுப் போட்ட அன்று என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கோவிக்காதை. நான் அவங்களுக்குத்தான் போட்டனான். உன்ரை ஆக்கள் வாசலுக்கு வந்தவை. அவைக்கும் முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டன்."

நான் கோபிக்கவில்லை. எங்கள் கட்சி மறுபடியும் தோற்றது.

வோல்ட்டர் இப்போதும் கூப்பிடுவார். வயது போய்விட்டது. அமெரிக்கத் தேர்தல் வந்தால் இரவெல்லாம் செய்தி பார்ப்பார். முன்பு போல் நீளமாகப் பேசுவதில்லை. தோற்றவர் போவாரா என்று இருநூறு வருடத்துக்குப் பிறகும் கேட்க வேண்டிக் கிடக்கிறதே என்பார்.

கட்சிக் கந்தோர்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் சில வேளை என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். எப்படி வெல்வது என்று அங்கே எல்லாரும் சொல்லித் தருவார்கள். தோற்றால் மறுநாள் காலை தொலைபேசியை எடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.