பெல்ட் கழற்ற வேண்டாத வரிசை

டெல் ரக்கரின் வீட்டில் பெல்ட் என்ற சாமானே கிடையாது. ஹூஸ்டனை ஒட்டிய பாஸடீனாவிலிருந்து எண்ணெய் ஆலைகளுக்கு வேலைக்குப் போகிற ஆண்களில் பெல்ட் போடாதவன் அநேகமாக அவன் ஒருத்தன்தான். இரண்டு தோளிலும் மாட்டி, உலோகக் கவ்வியால் பேண்டைக் கவ்விப் பிடிக்கிற தோள்வார், அதுதான் நாற்பத்தாறு வயது வரை அவன் மானத்தைக் காப்பாற்றி வந்தது. குழாய் வெல்டிங்கில் அவனோடு பதினாறு வருஷம் வேலை பார்த்த டீக், அந்த வாரைப் பின்னாலிருந்து இழுத்து விடாத நாளில்லை.

"என்னடா டெல், உங்க தாத்தா செத்தப்போ இதைத்தான் உயில் எழுதி வச்சிட்டுப் போனாரா?"

டெல் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவான். உண்மையைச் சொல்கிற ஆள் இல்லை அவன். மார்வாவுக்குக்கூடக் கல்யாணமாகி நாலாவது வருஷம்தான் சொன்னான். அதுவும் அவள் பிறந்தநாள் பரிசென்று ஆசையாக வாங்கி வந்த தோல் பெல்ட்டைக் கொல்லையில் போட்டு எரித்த பிறகு.

உண்மை இதுதான். அவன் அப்பா ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்தி வந்தவர். ஊரே அவரை நல்ல மனுஷன் என்றது. அந்த நல்ல மனுஷன் வீட்டுக்கு வந்து பெல்ட்டை உருவி, இரண்டாக மடித்து, இரண்டு கையாலும் பிடித்துப் 'பட்' என்று ஒருமுறை சொடுக்குவார். அது அழைப்பு. பையன் வந்து நிற்க வேண்டும். அடுத்து மடிப்பைப் பிரித்து, கொக்கி இருக்கிற நுனி முதுகில் விழுகிற மாதிரி வீசுவார். விழுகிற ஒவ்வொன்றையும் பையன் வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். சமையலறையில் அம்மா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவாள். ஒன்பது வயதில் டெல்லின் இடது கை எலும்பு முறிந்தது. மரத்திலிருந்து விழுந்தான் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டார்கள். பதினேழு வயதில் ஒரு நாள் அப்பா பெல்ட்டை உருவியபோது டெல் கையில் குழாய் திருகுகிற பெரிய ஸ்பானர் இருந்தது. அவர் மணிக்கட்டை நொறுக்கிவிட்டு, ஒரு பையோடு வெளியேறினான். அவர் செத்தபோது போகவில்லை. போகாததில் அவனுக்கு வருத்தமும் இல்லை, கதை சொல்கிற எனக்கும் இல்லை.

ஒன்றை மட்டும் அவனால் விட்டுவிட்டு வர முடியவில்லை. அப்பாவின் பெயர். மூத்த பிள்ளைக்கு அப்பன் பெயரையே வைத்து, நடுவில் டெல் என்று சேர்த்திருந்தார்கள். முன்பாதியைச் சொல்வதையே நிறுத்திவிட்டான். வெல்டிங் சான்றிதழ், சம்பளச் சீட்டு, தபால் பெட்டி எல்லாவற்றிலும் டெல் ரக்கர். ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் அந்தப் பெயர் முழுசாக உட்கார்ந்திருந்தது.

போன அக்டோபரில், ஆலையில் உடை மாற்றும் அறையில், பிரோடி என்கிற உதவியாள் விளையாட்டுக்காகப் பெல்ட்டை உருவி மடித்து டெல்லின் காதருகே 'பட்' என்று சொடுக்கினான். அடுத்து டெல்லுக்கு நினைவிருப்பது பிரோடி தரையில் கிடந்ததும், தன் விரல் மூட்டில் ஒரு பல் குத்தி நின்றதும்தான். மொத்தம் மூன்று பல் போயிருந்தது. அதற்கப்புறமும் அடித்திருக்கிறான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. பிடித்து இழுத்த டீக்குக்கும் ஒரு குத்து. தொழிற்சங்கம் நடுவில் புகுந்து போலீஸுக்குப் போகாமல் முடித்துவைத்தது. கம்பெனி கடைசி எச்சரிக்கை என்று எழுதிக் கொடுத்தது.

மார்வா எதுவும் எழுதவில்லை. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அவன் கைமேல் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நீ பட்டது எனக்குத் தெரியும். அதுக்காக நான் அழுதுமிருக்கேன். ஆனா இன்னொரு தடவை உன் கை இன்னொருத்தர் மேல விழுந்தா, நானும் பொண்ணும் இந்த வீட்ல இருக்க மாட்டோம். யார் மேல தப்புன்னு கேக்கவே மாட்டேன் டெல்."

அவள் சொன்னால் செய்வாள்.

அன்று முதல் விமான நிலையம் என்றாலே அவன் தன் கைக்குப் பயந்தான். மாதம் ஒருமுறை வேறு ஊர் ஆலைக்குப் பறக்க வேண்டிய பிழைப்பு. பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் ஆண்கள் பெல்ட்டை உருவுவார்கள். கொக்கி கிணுகிணுக்கும். தோல் துணியை உரசிக்கொண்டு வரும். நூறு அப்பன்கள் ஒரே அறையில். அவன் கண்ணை மூடிக்கொண்டு முஷ்டியைப் பேண்ட் பையில் திணித்துக்கொள்வான். அப்படி நிற்கிறவனைக் காவலர்கள் சும்மா விடுவார்களா? தனியாகக் கூப்பிட்டுத் தடவிப் பார்ப்பார்கள். அது இன்னும் கொடுமை.

பணம் கட்டி முன்பதிவு செய்தவர்களுக்கான விரைவு வரிசையில் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம், ஷூவைக் கழற்ற வேண்டாம் என்று கேள்விப்பட்டதும் கட்டணம் கட்டத் தீர்மானித்தான். டீக் மதியச் சாப்பாட்டின்போது பிடித்துக்கொண்டான்.

"எண்பத்தஞ்சு டாலரா? ஷூவோட நடந்து போறதுக்கா? எனக்கு அம்பது குடு, நானே கழட்டி நானே மாட்டி விடுறேன்."

"அஞ்சு வருஷத்துக்குடா."

"இருக்கட்டுமே. இருபது நிமிஷம் முன்னால உள்ள போய் என்ன கிழிக்கப் போற? பதினாலு டாலருக்கு ஒரு காஞ்ச பர்கரைத் தின்னுட்டு, வராத விமானத்துக்குக் காத்துக் கிடக்கப் போற. அதை வெளிய வரிசையில நின்னு செஞ்சா ஓசி."

டீக் சொன்னதில் தப்பில்லை. மாதம் ஒருமுறை பறக்கிறவனுக்கு நிமிஷக் கணக்குப் போட்டால் அது கட்டுப்படியாகுமா ஆகாதா என்று பேசிக்கொண்டே ஒரு பொழுதை ஓட்டலாம். டெல் நிமிஷத்தை வாங்கப் போகவில்லை. பெண்டாட்டியும் பிள்ளையும் வீட்டில் இருக்க வேண்டும், அதை வாங்கப் போனான்.

பதிவு அலுவலகத்தில் இருந்த பெண் அவன் விரல்களைக் கண்ணாடிமேல் அழுத்தி அழுத்திப் பார்த்து அலுத்துப்போனாள். முப்பது வருஷ வெல்டிங்கில் ரேகையெல்லாம் கருகித் தேய்ந்திருந்தது.

"உங்க விரல்ல எதுவுமே இல்லையே சார். வங்கி எதையாவது கொள்ளையடிக்கற உத்தேசமா?"

கையில் களிம்பு தடவி, நாலாவது தடவையில் ஒருவழியாகப் பதிந்தது. அவள் உரிமத்தைப் பார்த்து வாசித்தாள்.

"ஹார்லன் டெல் ரக்கர். சரிதானே?"

"டெல்."

"இதுல ஹார்லன்னு இருக்கே."

"அது அட்டையில மட்டும் இருக்கு."

"அப்போ டிக்கெட்லயும் இதே மாதிரி போடுங்க சார். பேரு பொருந்தலன்னா டிக்கெட்ல முத்திரை விழாது, பொது வரிசைக்குத் தள்ளிடுவாங்க. பாதிப் பேரு இதுலதான் கோட்டை விடறாங்க. அப்புறம் எங்களைத் திட்டுவாங்க."

அவன் தலையாட்டினான். ஜூனில் டிக்கெட் எடுக்கும்போது போனில் 'ஹா' வரைக்கும் அடித்தான், அழித்தான். முட்டாள்தனம்தான். ஆனால் நெருப்பைத் தொட்டவன் விரல் தானாகப் பின்னால் வருவதை யாரும் முட்டாள்தனம் என்று சொல்வதில்லை. டெல் ரக்கர் என்றே அடித்து, பதிவு எண்ணையும் சேர்த்து அனுப்பிவிட்டான்.

மார்வா தன் அக்காவின் அறுவை சிகிச்சைக்காக முன்பே அல்புகெர்க்கி போயிருந்தாள். பள்ளி விடுமுறை விட்டதும் பதினோரு வயது மகள் லெட்டியை அவன் அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஹூஸ்டன் விமான நிலையத்தில் விரைவு வரிசையின் வாசலிலேயே அதிகாரி தடுத்தார்.

"இதுல முத்திரை இல்ல சார். பொது வரிசைக்குப் போங்க."

"பணம் கட்டியிருக்கேன்."

"கட்டியிருப்பீங்க. காகிதத்துல இல்லையே."

பொது வரிசை எட்டு மடிப்பாக வளைந்து கிடந்தது. கோடை விடுமுறைக் கூட்டம். அரை மணி நேரத்தில் நாலு மடிப்பு நகர்ந்தார்கள்.

"அப்பா, உனக்கு வேர்க்குது."

"வெளிய வெயில்."

"உள்ள ஏசி ஓடுது."

அவர்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். சாராய வாடை அடிக்கிற தடியன் ஒருவன், வாயே திறக்காத மனைவி, ஆறு வயதுப் பெண் குழந்தை. விமானம் போய்விடும் போய்விடும் என்று அவன் வழியெல்லாம் பெண்டாட்டியைக் கரித்துக்கொட்டிக்கொண்டே வந்தான். சோதனை இயந்திரத்தின் அருகே போனதும் குழந்தை தன் பொம்மை முயலை ட்ரேயில் போட மாட்டேன் என்றது.

டெல் அப்போதுதான் தோள்வாரைக் கழற்றி வைத்திருந்தான். கவ்வியெல்லாம் உலோகம், கழற்றாமல் விடமாட்டார்கள். பேண்ட் நழுவாமல் இருக்க இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்திருந்தான். லெட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முன்னால் நின்றவன் பெல்ட்டை உருவினான். ட்ரேயில் போடவில்லை. இரண்டாக மடித்தான்.

'பட்.'

குழந்தை தரையில் உட்கார்ந்துவிட்டது. தலையைக் குனிந்து, இரண்டு முழங்கையாலும் காதை மூடி, உள்ளங்கையால் பின்னந்தலையை மூடிக்கொண்டது. சத்தமில்லை. ஒருமுறை அடி வாங்கின பிள்ளை அழும். தினமும் வாங்குகிற பிள்ளைக்குத்தான் முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியும். டெல்லுக்குத் தெரியும்.

அவன் கண்ணுக்குள் ஒரு சிவப்பு ஏறியது. அந்தத் தடியனின் தாடையில் எந்த இடம் உடையும், கீழே விழுந்ததும் எந்தக் காலால் மிதிப்பது என்று உடம்பு தானாகவே கணக்குப் போட்டது. கொல்ல வேண்டும் என்றிருந்தது. மறைப்பானேன், நிஜமாகவே கொல்ல வேண்டும் என்றிருந்தது. பக்கத்தில் லெட்டியின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவன் பேண்டைப் பிடித்த முஷ்டிகளை எடுக்காமலே நடந்துபோய்க் குழந்தைக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நின்றான்.

"பெல்ட்டை ட்ரேல போடுங்க."

"நீ யாருடா? தள்ளு."

"போடுங்க சார்."

தடியன் மடிப்பை உதறினான். கொக்கி டெல்லின் தோளில் விழுந்தது. டெல் திரும்பிக் குனிந்து குழந்தையை முதுகால் மறைத்தான். முப்பது வருஷம் பேசாமல் கிடந்த ஏதோ ஒன்று அவன் வாயைத் திறந்தது.

"ஒண்ணு."

இரண்டாவது சட்டையைக் கிழித்தது.

"ரெண்டு."

யாரோ கத்தினார்கள். ட்ரேக்கள் உருண்டன. மூன்றாவதில் ரத்தம் வந்தது. ஓடிவந்த காவலர்கள் பிடிப்பதற்குள் நாலாவதும் விழுந்துவிட்டது. ஒவ்வொன்றையும் டெல் தெளிவாக, பாடம் ஒப்பிக்கிற பையனாக எண்ணினான். மூன்று பேர் அந்த ஆளை முகம் தரையில் மோதக் கவிழ்த்து, முதுகில் முழங்காலைப் போட்டு விலங்கு மாட்டினார்கள். மூக்கு உடைந்து தரையெல்லாம் கோடாக ஓடியது. டெல்லின் முஷ்டிகள் இடுப்பிலேயே இருந்தன. தாய் வந்து குழந்தையைத் தூக்கினாள். டெல்லின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. போகும்போது குழந்தைதான் முயலை எடுத்துத் தானாகவே ட்ரேயில் வைத்தது.

ஒரு நாற்காலியில் உட்காரவைத்து மருத்துவ உதவியாளன் சட்டையைத் தூக்கினான். லெட்டி அதுவரை அப்பாவின் முதுகைப் பார்த்ததில்லை. நீச்சல் குளத்தில்கூட சட்டையோடு இறங்குகிறவன் அவன். அந்த இளைஞன் பஞ்சை வைத்துக்கொண்டு தயங்கினான்.

"நாலு சிவப்பு இன்னைக்குப் பட்டது. மத்ததெல்லாம்?"

மேற்பார்வை அதிகாரியாக இருந்த பெண் டெல்லின் உரிமத்தையும் டிக்கெட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"ஹார்லன் டெல் ரக்கர். பேரு மாறிப்போனதாலதான் சார் நீங்க இங்க வந்து மாட்டிக்கிட்டீங்க. பணம் கட்டியும் வீணாப் போகுதே."

"ஹார்லன் யாருப்பா?" என்றாள் லெட்டி.

"மத்ததெல்லாம் போட்டவன்."

லெட்டி அந்த முதுகை மறுபடி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அதிகாரிக்கும் குரல் இறங்கிவிட்டது.

"டிக்கெட்ல அப்படியே மாத்திக்கிட்டீங்கன்னா அடுத்த தடவை நேரா போயிடலாம். நானே இப்ப சரிபண்ணித் தரட்டுமா?"

"வேண்டாம் மேடம். வீணாப் போகட்டும். நான் டெல். இந்த வரிசையிலேயே வந்துக்கறேன்."

லெட்டி ட்ரேயிலிருந்து தோள்வாரை எடுத்து வந்து, புண்ணில் படாமல் அவன் தோளில் மாட்டி, பின்னால் கவ்வியைப் போட்டாள். போன் அடித்தது. நிலைய அதிகாரிகளில் யாரோ மார்வாவுக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். லெட்டிதான் எடுத்தாள்.

மார்வாவின் முதல் கேள்வி டெல்லுக்கே கேட்டது.

"யாரை அடிச்சான்?"

"யாரையும் அடிக்கல அம்மா. வரிசையில ஒரு ஆள்தான் பெல்ட்டால அப்பாவை அடிச்சான். அப்பா கையை எடுக்கவே இல்ல. எண்ணிக்கிட்டே நின்னார்."

அந்த எண்ணிக்கை என்னவென்று உலகத்தில் மார்வாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"எத்தனை வரைக்கும்?" என்று கேட்டாள்.

"நாலு."

"போனை அவன்கிட்ட குடு."