எலி டாக்டரின் மகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிகளைக் கவனித்துக்கொண்ட மனிதரை ‘எலி டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவோம். கேலிதான், பாதி மரியாதையும் உண்டு. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலையில் ஒவ்வொரு பெண் எலியையும் கையில் எடுப்பார். பிறப்புறுப்பில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். எலியின் நான்கு நாள் சினைச் சுழற்சியில் இன்று எத்தனையாவது நாள் என்று சொல்லிவிடுவார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்துவிட்டால் சுழற்சி நின்று சினைப்பை சுருங்கும். அதன் ஹார்மோன்களை ஊசியில் ஏற்றினால் மறுபடி பருக்கும். இதையெல்லாம் கரைத்துக் குடித்தவர். ஏதாவது எலிக்குச் சுழற்சி தப்பினால் பேராசிரியரிடம் போய், “கீழ ஒண்ணும் கோளாறு இல்ல சார், மேல பாருங்க” என்று தன் தலையைத் தொட்டுக் காட்டுவார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

வீட்டில் மூச்சு விடமாட்டார். என்ன வேலை என்று கேட்டால், எலிக்குத் தீனி போடுகிறேன் என்பதோடு சரி. மனைவிக்கும் மகளுக்கும் மாதவிலக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்போல நடந்துகொள்வார். அதுதான் கண்ணியம் என்று நினைத்தார். எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

மகளுக்குப் பத்தொன்பது வயது. பதினான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. வெளியே தெரிந்தால் கல்யாணம் தட்டிப்போகும் என்று பயந்து, அம்மா காதும் காதும் வைத்தாற்போல் கஷாயமும் மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். பெண் தலைவலி என்றால், ராத்திரி கண்விழித்துப் படிப்பதால்தான் என்றார் இவர். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டால், “கண்ண எங்க வச்சிக்கிட்டு நடக்கற?” என்று சத்தம் போட்டார்.

ஒருநாள் பக்கவாட்டில் வந்த சைக்கிள் கண்ணில் படாமல் அவள் அடிபட்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துருவிக் கேட்டபோது, அம்மா வேறு வழியில்லாமல் அந்தப் பதினான்கு மாதத்தைச் சொன்னாள். பக்கத்தில் நின்றிருந்த எலி டாக்டருக்கு, ஸ்கேன் எடுக்கும் முன்பே விளங்கிவிட்டது. பிட்யூட்டரியில் கட்டி. வளர்ந்து வளர்ந்து கண் நரம்புகளை அழுத்திக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். வலது கண் தேறியது. இடது கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது.

பார்க்கப் போயிருந்த நான் வார்டு வாசலில் அவர்களோடு நின்றிருந்தேன்.

“ஆம்பளகிட்ட இத எப்படிச் சொல்றதுன்னுதான் மறைச்சேன்” என்று மனைவி அழுதாள். “சொல்லியிருந்தா மட்டும் உங்களுக்கு என்ன புரிஞ்சிருக்கப் போகுது?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டாவது மாசமே புரிஞ்சிருக்கும்” என்றார். பிறகு தன் வேலை என்னவென்று முதல்முறையாக அவளிடம் சொன்னார்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள்.

“அப்போ நீங்க ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”