தரையில் கிடந்த காற்று

அண்டாவுக்குள் மூன்று மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்று கட்டைவிரல் உயரம், ஒன்று அதைவிடக் கொஞ்சம் பெரியது, மூன்றாவது முழுசு. அவற்றைச் சுற்றி ஆப்ப சோடாவைத் தூவியிருந்தோம். மகள் வினிகரை ஓரமாக மெல்லச் சாய்த்தாள். பால் பொங்குவதுபோல நுரைத்துக்கொண்டு வந்தது. யாரும் ஊதவில்லை, காற்றும் வீசவில்லை. முதலில் குட்டை மெழுகுவர்த்தி அணைந்தது. பிறகு நடுவிலிருந்தது. உயரமானது மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்து, அதுவும் போயிற்று. சின்னவன் கைதட்டினான். செம்பில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து என் கணவரின் குரல் மகளைக் கேட்டது. "எது மொதல்ல அணைஞ்சுச்சு ஆத்தா? ஏன் அது மொத?"

அவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். திருக்கோகர்ணத்து வீட்டில் நானும் பிள்ளைகளும்தான். மகள் நாலாம் வகுப்பு, சின்னவன் யூகேஜி. எங்களுக்குப் பிள்ளைகள் தாமதமாகத்தான் பிறந்தார்கள். அதனாலோ என்னவோ, எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். மாடிப்படி பயம், டவுன் பஸ் பயம், லேசாக உடம்பு சுட்டாலும் பயம். அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே பயம். பிள்ளைகள் தன்னை மறந்துவிடுவார்கள் என்பது.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. நான் விளக்கேற்றி முடிக்கும் நேரத்துக்கு வீடியோ காலில் வருவார். ஆரம்பத்தில் அந்தப் பேச்சு சீக்கிரமே வற்றிவிடும். சாப்பிட்டியா, படிச்சியா, டீச்சர் அடிச்சாங்களா என்று கேட்டு முடிப்பதற்குள் பிள்ளைகள் விளையாட ஓடிவிடுவார்கள். போன் சுவரைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அந்தச் சுவரை அவர் எத்தனை வாரம் பார்த்தாரோ தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை, அழைப்பில் வரும்போதே கையில் ஒரு முட்டையும் உப்புப் பொட்டலமும் வைத்திருந்தார். வெறும் தண்ணீரில் முங்கிய முட்டை, உப்பைப் போடப்போட மேலே எழும்பியது. பிள்ளைகள் போனைவிட்டு நகரவில்லை. அவர் பின்னால் கட்டிலில் படுத்திருந்த அறைத்தோழர், எங்கள் ஊர்ப் பக்கத்து அரிமளத்துத் தம்பி ஒருவர், "அண்ணே, முட்டை மெதந்தா என்ன, முங்குனா என்ன? ஆம்லேட்டப் போட்டுத் தாங்க" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்குத் தொடங்கியது.

பிறகு வாராவாரம் ஏதாவது ஒன்று. பன்னீர் சோடாவில் உலர்திராட்சை ஏறி இறங்குவது, மிளகுத்தூள் சோப்புக்குப் பயந்து ஓரத்துக்கு ஓடுவது, நீலத் தண்ணீர் காகிதத்தில் ஏறிப் பக்கத்து டம்ளருக்குப் போவது. முதலில் அவர் தன் அறையில் செய்து பார்ப்பார். பாதி நேரம் சொதப்பும். சொதப்பியதையும் மறைக்காமல் காட்டுவார். "எனக்கு வரல, நீ செஞ்சு பாரு ஆத்தா" என்பார். பிள்ளை தப்பாகச் செய்தாலும் உடனே சரியானதைச் சொல்ல மாட்டார். "நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். போன் செலவு பாராமல் அத்தனை நேரம் ஒரு பிள்ளையின் யோசனைக்காகக் காத்திருந்த இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. எனக்கு இதில் ஒரே வேலை. ஒரு வாளித் தண்ணீரோடு ஓரமாக நிற்பது. "ஃபயர் சர்வீஸ் வந்தாச்சா?" என்று அவர் போனுக்குள்ளிருந்து கேலி செய்வார்.

மெழுகுவர்த்தி அணைந்த அன்று மகள் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது. "வினிகர்லேருந்து வந்த காத்து தண்ணி மாதிரி கீழேருந்து நெறையுதுப்பா." அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதோடு அவள் நிறுத்தவில்லை. "நம்ம அடுப்பு கேஸும் இப்படித்தான் கீழ கெடக்குமா?" என்று கேட்டாள். "தெரியல ஆத்தா. கேட்டு வந்து சொல்றேன்" என்றார். மறு வாரம் மறக்காமல் சொன்னார். "ஆமா, அதுவும் காத்தவிட கனந்தான். ஆனா இது தீய அணைக்கும், அது பத்திக்கும். சுவிட்சு போடுற பொறியே போதும்." இந்தப் பேச்செல்லாம் பிள்ளைகளிடம் எதற்கு என்று நான்தான் சலித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. எனக்கு நாலு நாளாகக் கடுமையான சளி. மூக்கில் எந்த வாசனையும் ஏறவில்லை. கொசு வரும் என்று பொழுது சாய்வதற்கு முன்பே சன்னல்களைச் சாத்தியிருந்தேன். சின்னவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அலுப்பில், சமையற்கட்டு வாசலை ஒட்டிப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். சாமி மாடத்துக்கு முன்னால் தரையில் குத்துவிளக்கை வைத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். மகள் டியூஷன் முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றியவள், அப்படியே நின்றாள்.

"அம்மா! குச்சியக் கிழிக்காத!"

"வெள்ளிக்கிழமை அதுவுமா ஏண்டி இப்படிக் கத்துற?"

அவள் ஓடிவந்து தம்பியின் இரண்டு கைகளுக்கும் அடியில் கைகொடுத்துத் தூக்கினாள். அவளுடைய கனத்தில் முக்கால்வாசி இருப்பான். அவன் கால் தரையில் இழுபட, தெருவாசலுக்குக் கொண்டுபோனாள். "கேஸ் நாத்தம்மா. ஒனக்குத் தெரியலையா?" எனக்குத் தெரியவில்லை. இருட்டிக்கொண்டு வந்ததால் கை தானாக லைட் சுவிட்சுக்குப் போனது. "சுவிட்சையும் தொடாதம்மா!" என்று வாசலிலிருந்து வந்த குரலில் விறைத்து நின்றேன். பிறகுதான் புத்தி வந்து சிலிண்டரை மூடினேன், கொல்லைக் கதவைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் மறுபடி உள்ளே வந்து, முறத்தை எடுத்துக் குனிந்து, தரையோடு தரையாகக் கொல்லைப் பக்கம் விசிறிக்கொண்டிருந்தாள். தேங்கிய தண்ணீரைத் தள்ளுவதுபோல. முறத்தோடு அவளை வாரிக்கொண்டு வெளியே ஓடினேன்.

தெருவில் நின்றோம். எதிர்வீட்டு அக்கா கோலப்பொடி டப்பாவோடு வந்தார். "என்னடி, வெளக்கேத்துற நேரத்துல குடும்பத்தோட தெருவுல நிக்கிறீங்க?"

"வீட்டுக்குள்ள கேஸ் தரையில கெடக்கு பெரியம்மா. அது போனப்புறந்தான் நாங்க போவோம்."

"தரையில கெடக்க அது என்ன பாம்பாடி?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டுச் சின்னவனை வாங்கிக்கொண்டார். அவன் அப்போதும் தூக்கக் கலக்கத்தில்தான் இருந்தான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு கேஸ் கம்பெனி ஆள் வந்து பார்த்தார். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது.

ஆள் வருவதற்குக் காத்திருந்தபோது அவளிடம் கேட்டேன். "என்கிட்ட வராம மொத ஏன் தம்பிகிட்டப் போன?" அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீ நின்னுக்கிட்டு இருந்தம்மா. அவந்தான் தரையில படுத்திருந்தான். குட்டை மெழுகுவர்த்திதான மொத அணையும்?"

இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவள் அப்பா கேஸ் கனமானது, பொறி பட்டால் பற்றும் என்று சொன்னார், அவ்வளவுதான். அண்டாவுக்குள் பார்த்ததை வீட்டுக்குள் வைத்துப் பார்த்தது அவள். ஒன்பது வயதுப் பிள்ளை, நாற்றம் மூக்கில் ஏறியதிலிருந்து தம்பியைத் தூக்கும்வரை இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் யோசித்து முடித்திருக்கிறாள். பி.காம் படித்த எனக்கும் அந்த நேரத்தில் சுவிட்சைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. அதற்காக எனக்கு வெட்கமில்லை. பெருமை அவ்வளவு பெரிசாக இருக்கும்போது வெட்கத்துக்கு இடம் ஏது? ஆனால் பயம் மட்டும் போகவில்லை. இப்போதும் குச்சியைக் கிழிக்கும் முன் குனிந்து தரையை முகர்ந்து பார்க்கிறேன். கடைவீதியில் எந்தப் பிள்ளை தரையில் தூங்கினாலும் கால் தானாக நின்றுவிடுகிறது. வீட்டில் சோடாவையும் வினிகரையும் பிள்ளைகள் பாழாக்குகிறார்கள் என்று சொல்லும் தாய்மார்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாழாக்கட்டும். பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள், பயமாக இருந்தால் வாளித் தண்ணீரோடு.

அன்று விளக்கேற்றவில்லை. நாங்கள் இன்னும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோதே போன் வந்தது. "என்ன, வெளியில உக்காந்திருக்கீங்க? கரண்டு இல்லையா? இன்னிக்கு பலூன் வாங்கி வச்சிருக்கேன் ஆத்தா" என்றார், கையில் ஒரு சிவப்பு பலூனை ஆட்டிக்கொண்டு. நான் போனை மகளிடம் கொடுத்தேன். எது முதலில், எது அடுத்தது என்று வெள்ளிக்கிழமைகளில் சொல்வதுபோலவே வரிசையாகச் சொன்னாள். குறுக்கே ஒரு கேள்விகூட வரவில்லை. அவள் முடித்ததும் படம் ஒரு தரம் குலுங்கியது. அப்புறம் அவர் முகம் இல்லை. அந்த அறையின் கூரையும், அதில் மெதுவாகச் சுற்றும் ஃபேனும்தான் தெரிந்தன. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சின்னவன் போனுக்குள் எட்டிப் பார்த்தான். "அப்பா எங்கக்கா?"

"அங்கதாண்டா இருக்காங்க" என்றாள் மகள், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "கொஞ்சம் பொறு."