பூச்சி மருந்தும் எண்ணெய் வடையும்

பிள்ளைகளே, உக்குவளை ஊருக்கு மேலே எங்கள் மலைத் தோட்டத்தில் வயிற்றிலுள்ள கொக்கிப்புழுவுக்குத் தரும் மருந்தின் பெயர் டெட்ராகுளோர் எதிலின். பார்க்கத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். வாயில் பட்டாலோ எரிச்சலும் ஒருவித இனிப்பு நாற்றமும் குடலைப் புரட்டும்.

என் மகள் செல்வி அதை விழுங்கிவிட்டு ஓங்கரித்தாள். நாற்றம் போகட்டும் என்று எண்ணெய் சொட்டச் சொட்ட இரண்டு வடை வாங்கிக் கொடுத்தேன். சற்று நேரத்தில் பிள்ளை தள்ளாடினாள், காரணமில்லாமல் சிரித்தாள்.

"என்னண்ணே, மகளுக்கும் சாராயம் ஊத்திட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டு முத்து கேலி செய்தான். அதற்குள் அவள் என்மேலேயே வாந்தியெடுத்துக் கண் செருகினாள்.

தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் சட்டையிலிருந்த வாந்தியில் வடைத் துண்டுகளைப் பார்த்ததும், அங்கே மருந்து கொடுக்கும் மருந்தையா கத்தினார்.

"எண்ணெய் பலகாரம் ஆகாதுன்னு சொன்னேனேய்யா! டவுன்ல துணி வெளுக்கிற லோண்டரிக்காரன் கோட்டுல எண்ணெய்க் கறை எடுக்கிறதும் இதே சாமான்தான். வயித்துல எண்ணெய் இருந்தா அதோட கரைஞ்சு ரத்தத்துல ஏறிடும்!"

கறை எடுக்கிற சாமானையா பிள்ளை விழுங்கினாள் என்று நினைத்தபடி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்திக்குத்தான் அவளுக்குத் தெளிந்தது.

இப்போதெல்லாம் மருந்து நாளில் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. மருந்தையா சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு உப்புக் கஞ்சி மட்டுமே. உங்கள் அப்பாவும் பாவம் பார்த்து வடையை நீட்டினால், "வேணாம்ப்பா" என்று தைரியமாகச் சொல்லிவிடுங்கள்.