கடைசிக் கேள்விக்கு ஒரு கையெழுத்து

அலுவலகத்தில் அவருக்கு வாளி சார் என்று பெயர். மேஜைப் பலகையில் தீப்பாதுகாப்பு அதிகாரி என்றுதான் இருந்தது. தளத்துக்கு ஒன்றாக மணல் வாளி மாட்டியவர் அவர். அந்த மணலில் சிகரெட்டைச் செருகுகிறவர்களும் ஆறிப்போன டீயைக் கவிழ்க்கிறவர்களும் சேர்ந்து சூட்டிய பட்டம் இது. அவர் தலை தெரிந்தால் கணக்குப் பிரிவு அம்மா கெட்டிலை இழுப்பறைக்குள் தள்ளுவார், கொதிக்கிற தண்ணீரோடு. ஒருமுறை அவசர வழிக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க யாரோ தீயணைப்புக் கருவியையே முட்டுக் கொடுத்திருந்தார்கள். காற்று வரவேண்டுமாம்.

மாதம் ஒருநாள் மணியடித்து, நூற்றுப்பன்னிரண்டு பேரையும் வெளியே இறக்கித் தலை எண்ணுவார். நூற்றுப்பதினொன்றுதான் வரும். பதறிப்போய் மறுபடி எண்ணுவார். அப்புறம்தான் தன் தலை ஞாபகத்துக்கு வரும்.

இந்த வருஷம் ஊழியர்களின் வீட்டுக்கும் விழிப்புணர்வு போகவேண்டும் என்று மேலிடம் சொன்னது. மனிதர் உற்சாகமாக ஒரு படிவம் தயாரித்தார். வெளியேற இரண்டு வழி எவை, அடுப்புக் குழாய் மாற்றி எத்தனை வருஷம், எங்கே கூடுவீர்கள். கடைசிக் கேள்வி அவருக்கே ரொம்பப் பிடித்துப்போனது: நீங்கள் வெளியே வரவில்லை என்றால் முதலில் கவனிக்கப்போவது யார்? அப்படிக் கவனிப்பவரின் கையெழுத்தும் தேவை.

ஒருவர் நாய் என்று எழுதி, அதன் பாதத்தை மையில் தோய்த்து ஒற்றியும் இருந்தார். வாளி சார் அதைத் திருப்பிவிட்டார். 'மாமியார். நான் வரலைன்னா சந்தோஷப்படுற முதல் ஆள் அவங்கதான்' என்று ஓட்டுநர் எழுதியதை ஏற்றுக்கொண்டார். கணக்குப் பிரிவு அம்மா வெளிநாட்டு மகன் பெயரைப் போட்டதற்கு மட்டும் சிவப்பு மையில் குறிப்பு எழுதினார்: 'அதே கட்டடத்தில் இருப்பவராக வேண்டும்.' அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே மாடிவீட்டுக்காரியிடம் கையெழுத்து வாங்கிவந்தார்.

வெள்ளிக்கிழமை எல்லாப் படிவமும் மேலிடத்துக்குப் போயாக வேண்டும். வியாழன் மத்தியானம் அந்த அம்மாவே கட்டை எண்ணினார்.

"ஒண்ணு குறையுது சார். உங்களோடதுதான்."

வாளி சாருக்கு மனைவி போய் ஆறு வருஷம். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். திங்கட்கிழமை வீடு பற்றிக்கொண்டால் அவளுக்குத் தெரிய ஆறு நாள் ஆகும். எப்படியும் அவள் பெயரைப் போட முடியாது. சிவப்பு மையில் எழுதிய கை அவருடையது.

அவர் குடியிருப்பது மூன்றாவது மாடி. எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா, அவரும் தனியாள். படிக்கட்டு முகப்பில் அந்த அம்மா வைத்திருந்த செருப்பு அலமாரி வழியை மறிக்கிறது என்று குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிப்போட்டு எடுக்கவைத்தவர் நம் ஆள். எட்டு மாதமாகப் பேச்சில்லை. அன்று சாயங்காலம் படிவத்தோடு போய் அந்தக் கதவைத்தான் தட்டினார்.

"இப்ப எதை எடுக்கணும்?" என்றார் தையல்காரம்மா.

மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னார். தையல்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடைசிக் கேள்வியை இரண்டு தரம் படித்தார். இதுக்கு ஒரு காகிதமா என்று கேட்டார். காலையில் ஏழு பத்துக்கு வாளி சார் தன் பூட்டை மூன்று தரம் இழுக்கிற சத்தமும் அவர் இருமலும் கேட்ட பிறகுதான் இந்த வீட்டில் அடுப்பே எரியுமாம்.

"போன மாசம் ரெண்டு நாள் கேக்கலை."

"காய்ச்சல். வந்து பாத்திருக்கலாமே?"

"கிளம்பிட்டேன். செருப்பைத் தேடினேன், கோவம் வந்துடுச்சு."

அலமாரி பழைய இடத்துக்கு வந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். வாளி சார் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் குந்தி உட்கார்ந்து அளந்தார். இந்தக் கோடிக்கு, அந்தக் கோடிக்கு, குறுக்கே. தையல்காரம்மாவும் தன் நாடாவைக் கொண்டுவந்து சரிபார்த்தார். இரண்டு நாடாவும் ஒரே பதிலைச் சொல்லின. அலமாரி வந்தால் ஓர் ஆள் உடம்பைத் திருப்பாமல் இறங்க முடியாது.

"முடியாதும்மா," என்றார் எழுந்துகொண்டு.

"அப்ப சரி." கதவு சாத்திக்கொண்டது.

வீட்டுக்குள் வந்து தன் படிவத்திலும் சிவப்பு மையில் எழுதினார்: 'கையெழுத்து இல்லை. திருப்பப்படுகிறது.' நூற்றுப்பதினொன்றோடுதான் கட்டு போகும்.

காலையில் ஏழு பத்துக்குப் பூட்டை மூன்று தரம் இழுத்தார். இருமல் வரவில்லை. வரவழைத்துக்கொண்டார், கொஞ்சம் பலமாகவே. எதிர்க்கதவுக்குப் பின்னால் லைட்டர் ஒருதரம் சொடுக்கியது, இன்னொரு தரம். அடுப்பு பற்றிக்கொள்ளும் வரை நின்றுவிட்டுப் படியிறங்கினார்.