கீழ்முனைக்கு வராத முறை

நூலகத்தின் மாடியிலிருந்து இறங்கி, ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தேன். கூட்டம் இன்னும் முடிந்திருக்கவில்லை. பின்னால் அண்ணை கூப்பிடுவது கேட்டது.

"தம்பி, நில்லும். இஞ்சை, நில்லும் எண்டுறன்!"

நான் நிற்கவில்லை.

அண்ணை என்றாலும் அவர் எனக்கு உறவில்லை. சூரிச்சில் ஒரு ஹோட்டல் குசினியில் அவர் பாத்திரம் கழுவினார், நான் தரை துடைத்தேன். பிள்ளைகளின் படிப்புக்காக அவர் லண்டன் வந்தார். நான் ஸ்டுட்கார்ட், பாரிஸ் என்று அலைந்துவிட்டு, ஒரு குளிர்காலத்தில் அவருடைய தேநீர்க்கடை வாசலில் பையோடு வந்து நின்றேன். கடையில் வேலையும் மேலே ஓர் அறையும் தந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது போதும். வேறெங்கும் இருந்ததைவிட அங்கேதான் அதிக காலம் இருந்தேன்.

கடை தெருவின் கீழ்முனையில் இருந்தது. மேல்முனையில் ஸ்டேஷனும் பெரிய கடைகளும். எங்களுடையது காலை வியாபாரம். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கடைக்கு எதிரே இருந்த பார்க்கிங்கில் வான்களை நிறுத்தி, தேத்தண்ணியும் ரோல்ஸும் மீன் பணிஸும் வாங்கிக்கொண்டு போவார்கள். ருமேனியர்கள், பஞ்சாபியர்கள், எங்கள் ஆட்கள். அந்த நாலு வான் நிற்கிற இடம் போனால் கடையும் போய்விடும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எந்தத் தெரு, எந்தக் கவுன்சில் என்று எழுத மாட்டேன். ஒரு நாள் நகரசபையான அந்தக் கவுன்சிலில் இருந்து ஒருவர் வந்தார். தெருவைச் சுற்றி ஒரு கோடு போடுவார்களாம். கோட்டுக்குள் இருக்கிற கடைகள் வழக்கமான வரிக்கு மேல் லெவி என்று இன்னொரு வரி கட்ட வேண்டும். அந்தக் காசு அந்தத் தெருவுக்கே செலவாகும். வேண்டுமா வேண்டாமா என்று ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கடைக்காரர்கள் வாக்குப் போடலாம். பெரிய கடையின் வாக்குக்குப் பாரம் அதிகம். கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு வாக்கே இல்லை. வந்தவர் எங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, பார்க்கிங்கில் கை வைக்க மாட்டோம், விளக்குகள் முதலில் உங்கள் முனைக்குத்தான் என்றார்.

அன்று பின்னேரம் அயல் கடைக்காரர்கள் எங்கள் கடையில் கூடினார்கள். அண்ணைதான் விளக்கினார்.

"இது சீட்டு மாதிரித்தான். எல்லாரும் போடுறம். ஒவ்வொருத்தருக்கும் முறை வரும்."

"தாச்சி ஆர்?" என்று மீன்கடைக்காரர் கேட்டார். எங்கள் ஊரில் சீட்டுப் பிடிக்கிறவரைத் தாச்சி என்போம். முதல் மாதத்துக் காசு தாச்சிக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு.

"கவுன்சில்."

"கவுன்சிலின்ரை வீடு எங்கை? காசு வராட்டி ஆரின்ரை வாசலிலை போய் நிண்டு கத்துறது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வேறொரு சந்தேகம்.

"அண்ணை, சீட்டெண்டா விருப்பமில்லாதவன் சேராமல் விடலாம். இதிலை?"

"பாதிக்கு மேலை ஆக்கள் ஓம் எண்டா எல்லாரும் கட்டத்தான் வேணும்."

"அப்ப அது சீட்டில்லை அண்ணை. வரி."

"உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம். அதுதான் ஒரு ஊரிலையும் உம்மை வைச்சிருக்கேல்லை."

அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கீழ்முனைக் கடைகள் எல்லாம் அண்ணையின் சொல்லுக்காகவே ஓம் என்று போட்டன.

முதல் வருடம் ஸ்டேஷன் பக்கத்து விளக்குக் கம்பங்களில் பூக்கூடைகள் தொங்கின. டிசம்பரில் நத்தாருக்குச் சோடனை போட்டார்கள். காவலுக்கென்று ஊதா ஜாக்கெட் அணிந்த இரண்டு பேர் அங்கே மேலும் கீழும் நடந்தார்கள்.

"எங்கடை பக்கமும் ஒரு ஜாக்கெட் வந்தது," என்றார் மீன்கடைக்காரர். "பாவம், வழி மாறி வந்திட்டுது."

அடுத்த வசந்தத்தில் கீழ்முனைக்கும் வந்தார்கள். பார்க்கிங்கை மறித்து மரப் பெஞ்சுகளும் பெரிய பூத்தொட்டிகளும் வைத்தார்கள். வான்கள் வந்தன, ஒரு சுற்றுச் சுற்றின, போய்விட்டன. ஒரு ருமேனியன் மட்டும் கண்ணாடியை இறக்கி, நிறுத்த இடமில்லை என்று கையை விரித்துக் காட்டினான். அந்தக் கிழமை நான் ரோல்ஸைக் குப்பையில் கொட்டினேன். பெஞ்சுகளில் யாரும் இருக்கவில்லை. மழை பெய்தது.

"வருசக் கூட்டத்திலை நான் கதைக்கிறன்," என்றார் அண்ணை. நான் கொதித்த அளவுக்கு அவர் கொதிக்கவில்லை. வயது காரணம் என்று நினைத்தேன்.

நூலக மாடியில் நடந்த அந்தக் கூட்டத்தில் அவர் கதைக்கவில்லை. பொறுத்துப் பார்த்து நானே கையைத் தூக்கினேன். பார்க்கிங்கை ஏன் எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். தலைமை வகித்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். நீங்கள் லெவி கட்டுகிறவரா? இல்லை, கடைக்கு மேலே குடியிருக்கிறேன். அப்படியென்றால் மன்னிக்க வேண்டும், இன்று கட்டுகிறவர்கள் மட்டுமே கேட்கலாம்.

கட்டுகிறவர் என் பக்கத்தில்தான் இருந்தார். வாயைத் திறந்தால் போதும். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த அம்மா ஒரு நல்ல செய்தி சொன்னார். ஸ்டேஷன் முன்றலில் புதிய கோப்பிக் கடை திறக்கப் போகிறார்கள். அதை நடத்தப் போகிறவர் கீழ்முனையின் நீண்டகால வியாபாரி. பெஞ்சுகளுக்கான திட்டத்திலும் தொடக்கத்திலிருந்தே உதவியவர். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணை பாதி எழும்பித் தலையை ஆட்டினார். நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

சிவப்பு விளக்கில் நின்றபோது அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"உமக்குச் சொல்லத்தான் இருந்தனான்."

"எப்ப? பெஞ்சு வைக்க முதலோ, வைச்ச பிறகோ?"

"நான் மாட்டன் எண்டிருந்தாலும் அவங்கள் செய்திருப்பாங்கள். கீழ்முனை முடிஞ்சுது தம்பி. உமக்கும் அங்கை வேலை வைச்சிருக்கிறன். உம்மை விட்டிட்டுப் போவனோ?"

"மீன்கடை அண்ணைக்கு என்ன வைச்சிருக்கிறியள்?"

அவர் சிவப்பு விளக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"முதல் சீட்டைத் தாச்சி எடுத்திட்டார் போலை," என்றேன். பச்சை விழுந்தது. கடந்து போனேன்.

பல நாடுகளில் பல அலுவலகங்களின் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன். எந்தக் கவுன்சிலையும் நம்பியதில்லை. அதனால் கவுன்சில் எனக்குத் துரோகம் செய்தது என்று எழுத முடியாது. அது கைக்குள் போட்டுக்கொண்டது ஒரே ஒரு ஆளை. நாங்கள் யாருடைய சொல்லைக் கேட்போமோ அந்த ஆளை.

அறைக்குப் போய் உடுப்புகளைப் பையில் அடைத்தேன். அறையைப் பூட்டி, திறப்பை அண்ணையின் மனைவியிடம் கொடுத்தேன். "சாப்பிட்டிட்டாவது போங்கோவன்," என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று முகத்தில் தெரிந்தது. மீன்கடைக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் இனிக் கட்டாமல் விட ஏலாதோ?"

"ஏலாது அண்ணை. வழக்குப் போடுவினம்."

"அடுத்த வாக்கு எப்ப?"

"இன்னும் மூண்டு வருசம் கிடக்கு."

அவர் என் பையைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, தனக்கு மீன் அனுப்புகிற ஆளுக்குப் போன் எடுத்தார். "ஒருத்தர் இருக்கிறார், குளிருக்குப் பயமில்லை," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடிய, லண்டனின் வடக்கே எட்மண்டனில் ஒரு குளிர் அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். உறைந்த மீன் பெட்டிகளைப் பிரித்து, கடைகளுக்கு ஏற்றபடி அடுக்குகிற வேலை. மேற்பார்வையாளர் தடித்த கையுறை ஒரு சோடி தந்தார்.

"எவ்வளவு காலம் நிப்பீர்?"

"தெரியாது," என்றேன்.

"சரி, அந்தப் பக்கம் பிடியும்," என்றார். நான் பெட்டியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன்.