லைன் வந்திருச்சு

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பராவில், ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று ஒரு சங்கத்தார் கொடுத்தது. பின்னேரங்களில் நான்தான் அங்கே சொல்லிக்கொடுக்கிறேன். மலை மடிப்புக்குள் கிடக்கிற லயம் எங்களுடையது. கைப்பேசியில் பேசவே கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். முகம் பார்த்துப் பேசுவது அங்கேயும் நடக்காது. அதனால் ரோட்டிலிருந்து கம்பம் கம்பமாக இழுத்து வந்த அந்த வயர் இணைப்பின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மஸ்கெலியா டவுனில் கடை வைத்திருப்பவர்களிடம்கூடப் பீற்றியிருக்கிறேன்.

அம்மா இறந்த வாரம்தான் சங்கத்தார் ஆள் அனுப்பி, கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளைப் புதிதாக மாற்றிவிட்டுப் போனார்கள். திரை பளபளவென்று ஆனது. இணைப்பு போய்விட்டது. நன்றாக இருந்ததைக் கெடுத்தார்களே என்று வாய்விட்டுத் திட்டினேன். அதைப் பார்ப்பதற்குள் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அம்மாவைப் பெட்டியில்தான் திருப்பிக் கொண்டுவந்தோம்.

என் தங்கச்சி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். மேட்டில் நின்று நான் செய்தி சொன்னபோது அவள் அழவில்லை. வர விடமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

“பெட்டிய மூடுறதுக்கு முன்னுக்கு எனக்கு மொகத்த மட்டும் காட்டுக்கா. வேற ஒன்னும் வேணாம்” என்றாள்.

அவளுடைய மேடம் சாப்பிட்டுப் படுத்த பிறகு கொஞ்ச நேரம் கிடைக்கும். அங்கே மத்தியானம், இங்கே பின்னேரம். அந்நேரம் கம்ப்யூட்டரிலிருந்து அழைக்கச் சொன்னாள். அவள் கப்பலேறியபோது, நாங்கள் இன்னமும் அப்படித்தான் சொல்கிறோம், அம்மா தலையில் ஒரு நரை கிடையாது.

அம்மாவை வாசலில் வைத்திருந்தோம். எல்லாவற்றையும் முன்னின்று பார்த்தது அம்மாவின் தம்பி, என் மாமா. மழை தூறிக்கொண்டிருந்தது. குழிக்குள் தண்ணீர் ஊறுகிறது என்று வெட்டப் போனவர்கள் ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். மாமா தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு ஆட்களுக்காகத்தான் பொறுத்திருந்தார். அம்மா அவர்களோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவள். கொழுந்து நிறுவை முடிந்து அவர்கள் வந்து முகம் பார்க்காமல் மூட முடியாது. தங்கச்சிக்கு முகம் காட்ட வேண்டும் என்றதற்கும், அவர்கள் வரும் வரைதான் பொறுக்க முடியும் என்றுவிட்டார். எழுதும்போது லயம் என்கிறோம், வாயில் வருவது லயன்தான். லயன் என்றால் கட்டடம் மட்டுமல்ல, அதில் இருக்கிற சனமும்தான்.

“மேக்கணக்கு லயன் வந்திருச்சா?” என்று மாமா போவோர் வருவோரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மேல்கணக்கிலிருந்து இறங்கும் குறுக்குப் பாதை கடைசிக் காம்பரா ஜன்னலுக்குத்தான் தெரியும். அந்த ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருந்தேன்.

நான் பாதையைப் பார்க்கவில்லை. வயரைக் கழற்றி மாட்டினேன். ரூட்டரில் வேறு துளையில் போட்டுப் பார்த்தேன். அதில் பச்சை விளக்கு எரிந்தது, கம்ப்யூட்டர் மட்டும் இணைப்பு இல்லை என்றே சொன்னது. எல்லாவற்றையும் அணைத்து, எண்ணிப் பொறுத்து, மறுபடி போட்டேன். தானே கோளாறு கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றும் தெரியவில்லை என்றது. உள்ளே போய்ப் பார்த்தால் வயர் இணைப்பை ஓட்டும் டிரைவர் மென்பொருள் மேல் மஞ்சள் குறி. புதிய டிரைவரை நெட்டில் எடுத்துக்கொள் என்றது. நெட் இருந்தால் உன்னிடம் ஏன் கெஞ்சுகிறேன் என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

“பெத்தவ வாசல்ல கெடக்கா, இவ அந்தப் பெட்டிய நோண்டிக்கிட்டு இருக்கா” என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று தெரியும். திரும்பினால் சண்டையாகிவிடும் என்று திரும்பவில்லை.

கடைசியில் பழைய டிரைவருக்கே திரும்பிப் போக ஒரு வழி இருப்பதைக் கண்டேன். அழுத்தினேன். திரை ஒரு தடவை இருண்டு வந்தது. இணைப்பு இல்லை என்று மூலையில் இருந்த குறுக்குக் கோடு மறைந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வாசலில் அடித்த தப்பு மேளச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

“மாமா, லைன் வந்திருச்சு!”

மாமா கையை உயர்த்திச் சரி என்றார். அம்மாவை ஜன்னலடிக்குக் கொண்டுவரச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பி, தங்கச்சியை அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும், தெரியும். தப்பு முழங்கியது. அதற்குள் ஆணி அடித்த சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை.

கேமராவை வெளியே திருப்ப எழுந்தபோதுதான் பார்த்தேன். பெட்டி மூடியிருந்தது. மூடியின் மேல் மாலை.

“ஏன் மாமா மூடுனீங்க?”

“நீதானம்மா சொன்ன, லயன் வந்திருச்சின்னு. வந்து மொகம் பாத்துட்டாங்கன்னு நெனச்சேன்” என்றார் மாமா. சொல்லிவிட்டு வாசலில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினார். மேல்கணக்கு ஆட்கள் ஒருவரும் இல்லை. அவருக்கு விளங்கிவிட்டது. தலைத்துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டு மழையிலேயே உட்கார்ந்துவிட்டார். தப்பு நின்றது. ஆணி அடித்ததைத் திறக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

“அக்கா” என்று பின்னால் குரல் கேட்டது. திரையில் தங்கச்சி. இத்தனை தெளிவாக அந்தக் கம்ப்யூட்டரில் யாரையும் நான் பார்த்ததில்லை. நெற்றியில் வியர்வைகூடத் தெரிந்தது. என் கை தானாகக் கேமராவைத் திருப்பிவிட்டிருந்தது. வாசலில் ஒருவரும் அசையவில்லை. மாமா அசையவில்லை. பெட்டி அப்படியே இருந்தது.

“அக்கா, படம் நின்னுபோச்சுக்கா. பெட்டி மூடுன மாதிரி தெரியுது. ஆளுங்க அசையவே இல்ல. லைன் சரியில்லையா?”

“ஆமாடி” என்றேன். “லைன் சரியில்ல.”

“சரி, வரட்டும். மேடம் எந்திரிக்கிற வரைக்கும் நான் இருக்கேன்” என்று அவள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள்.

நான் கையைக் கீழே விட்டு வயரைப் பிடுங்கினேன்.

மேல்கணக்கு ஆட்கள் வந்து, மூடிய பெட்டியைத் தொட்டு அழுதார்கள். மறுநாள் மேட்டில் ஏறித் தங்கச்சியிடம் பேசினேன். கடைசி வரைக்கும் லைன் வரவேயில்லை என்று சொன்னேன். அவள் இன்றைக்கும் அம்மா பேச்சு வந்தால் அந்தப் பாழாய்ப்போன லைனைத் திட்டுகிறாள். நானும் சேர்ந்து திட்டுகிறேன்.